கங்காணியின் வயிற்றில் தெரிந்த வெள்ளை

2022 நவம்பர் 15, செவ்வாய்க்கிழமை. காலையில் கிளினிக்கைத் திறந்ததும் வழக்கம்போல முதலில் பரிசோதனை மேசையைத் துடைத்தேன். கொடைக்கானலில் மழை மாதங்களில் ஒரே இரவில் எல்லாப் பொருள்கள் மீதும் ஈரம் படிந்துவிடும். மேசைக்கு அடுத்தது எக்ஸ்ரே தட்டு. அதற்கென்றே ஒரு பருத்தித் துணியை ஹீட்டருக்குப் பக்கத்தில் காயப்போட்டு வைத்திருப்பேன். அதன் பிறகுதான் ஜன்னல், காப்பி எல்லாம். இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. அன்று முதலில் வந்தவை இரண்டு தடுப்பூசிகள். பிறகு ஒரு பூனையின் காது. பிறகு வட்டக்கானல் விடுதி ஒன்றிலிருந்து ஒரு லாப்ரடார் வந்தது. தங்க வந்த விருந்தாளியின் கம்பளிக் காலுறையில் ஒன்றை அது சற்றுமுன்தான் விழுங்கியிருந்தது; ஜோடியில் மிஞ்சிய இன்னொன்றை உரிமையாளர் அடையாளத்துக்குக் கொண்டுவந்திருந்தார். ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்தோம். காலுறை முழுசாக வந்தது. விருந்தாளிக்கு அது வேண்டுமா என்று அருள் கேட்டான்.

அருள் அப்போது என்னிடம் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்த மருத்துவன். நல்ல கை, நல்ல படிப்பு. என் மணிக்கட்டு அறுவைக்கு ஒத்துழைக்காமல் போனபின் கிளினிக்கை அவனிடமே ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். புதிதாக மலைக்கு வேலைக்கு வரும் உங்களைப் போன்ற கால்நடை மருத்துவர்கள் என்னைப் பார்க்க வரும்போது, நாய் எதை விழுங்கியிருக்கிறது என்று படத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். படம் எடுக்கும் முறையும் அளவுகளும் உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ளன. அதில் இல்லாத ஒன்றைச் சொல்ல எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நினைவுக்கு வரும்.

காலுறை நாய் போன கையோடு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பண்ணைக்காட்டுப் பக்கத்துக் காப்பித் தோட்டத்து ஜீப். ஓட்டுநர் தங்கராசு முதலில் இறங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“டாக்டரம்மா, வெரசா பாருங்க. வளைவுக்கு ஒரு வாந்தி. என் வண்டி இனி தை மாசம் வரைக்கும் நாறும்.”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: “உன் வண்டி என்னைக்குடா மணந்துச்சு? கருவாட்டு மூட்டை ஏத்துறப்ப தெரியாத நாத்தமா இது?”

சாக்கில் சுற்றிய நாயைத் தோளோடு அணைத்துக்கொண்டு இறங்கியவர் பாக்கியம். நாற்பது வயதிருக்கும். தோட்டத்தில் தினக்கூலி. அவர் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். பாக்கியம் இங்கேயே பிறந்தவர் என்றாலும் பேச்சில் அந்தத் தோட்டத்துச் சொற்கள் அப்படியே இருந்தன. நாயின் பெயரைக் கேட்டேன்.

“கங்காணி.”

அருள் நிமிர்ந்து பார்த்தான்.

“வெள்ளனே பெரட்டுக்கு நாங்க எல்லாம் வரிசையா நிப்போம்ல, ஆள் எடுக்க. இவன் முன்னால வந்து குந்திக்கிட்டு ஒவ்வொரு மூஞ்சியா பாப்பான். யாராச்சும் வரலைன்னா அவுக லயத்து வீட்டு வாசல்ல போயி கொலைப்பான். நெசக் கங்காணிகூட அம்புட்டுப் பாக்க மாட்டாரு.”

மூக்கைச் சுற்றி நரைத்த, செம்பழுப்பு நிற நாட்டு நாய். வயது ஒன்பதோ பத்தோ. மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை. குடிக்கும் தண்ணீரும் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது. ஈறு காய்ந்து ஒட்டியது. வயிற்றைத் தொட்டால் இறுக்கிக்கொண்டான். நெஞ்சில் குழாயை வைத்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே ஒரு சீறல் கேட்டது. இதயத்தில் வால்வு கசிகிறது. இந்த நாயை மயக்கத்தில் ஆழ்த்தினால் திரும்ப எழுப்புவது உறுதியில்லை.

கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன். தங்கராசு முந்திக்கொண்டார்.

“சனிக்கெழமை லயத்துல ஒரு காதுகுத்து டாக்டரம்மா. ரெண்டு கெடா. எல நிறைய எலும்பு. தோட்டத்து நாயெல்லாம் அங்கதான் கெடந்துச்சுக.”

“இவன் எலும்ப அரைச்சுத்தான் திம்பான்” என்றார் பாக்கியம். ஆனால் குரல் இறங்கிவிட்டது.

ஊசி வழியாக உப்புநீர் ஏற்றத் தொடங்கிவிட்டு ஒருபக்கமாகப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தோம். படம் திரையில் வந்தது. வயிற்றின் நடுவே வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள். மங்கலாக இல்லை, எலும்பைப் போலவே பளிச்சென்று இருந்தன. எண்ண முடியாத அளவு.

“எலும்புத் துண்டுங்க மேடம்” என்றான் அருள். “குடல்ல பல இடத்துல கோத்த மாதிரி நிக்குது. மூணு நாளாச்சு. இன்னும் விட்டா குடல் ஓட்டையாயிரும். இப்பவே திறந்துரலாம்.”

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. விருந்து இருக்கிறது, எலும்பு இருக்கிறது, வாந்தி இருக்கிறது, படத்தில் வெள்ளை இருக்கிறது. நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டது. செய்வதென்றால் சீக்கிரம் செய்ய வேண்டும்.

பாக்கியம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “வெட்டணுமா டாக்டரம்மா?”

“வெட்ட வேண்டி வரலாம். இவனுக்கு இதயம் பலவீனமா இருக்கு. மயக்கத்துலயே உயிர் போகவும் வாய்ப்பிருக்கும்மா.”

அவர் நாயின் காதைத் தடவினார். “எங்க வீட்டுக்காரரைக் காட்டுமாடு குத்தி ரெண்டு வருசமாச்சு. இடுப்பு போயி வீட்டோட கெடக்காரு. மலைக்குக் களையெடுக்க நான் ஒருத்திதான். கங்காணி முன்னால போனாத்தான் நான் அந்தப் பாதையில கால வைப்பேன். காட்டுமாடு நின்னா அவன் நின்னுருவான். அவன் இல்லாட்டி நான் சோலிக்குப் போக முடியாது. போகவும் பயம்.”

அழவில்லை. கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் மறுபடி திரையைப் பார்த்தேன். அருள் கையுறையைத் தேடிப் போயிருந்தான். எனக்கு அந்த வெள்ளையில் ஒன்று உறுத்தியது. சில்லுகள் சிதறிக் கிடப்பதாகத் தெரிந்தாலும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் மூன்று வரிசையாக இருந்தன. அறுந்து அறுந்து போன மூன்று கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்று, ஒரே இடைவெளியில். குடல் நெளிந்து சுருண்டு கிடப்பது. எந்த நாயின் குடலும் ரூல் போட்ட காகிதம்போல மூன்று வரியாக ஓடாது.

இன்னொரு பக்கமிருந்து ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். எந்தப் பொருளையும் இரண்டு பக்கமிருந்து பார்க்காமல் அது எங்கே இருக்கிறது என்று சொல்லக் கூடாது என்பது நமக்கு முதலாண்டிலேயே சொல்லித்தருவதுதான். அருள் அதை மறக்கவில்லை. வேண்டுமென்றுதான் விட்டிருந்தான். இரண்டாவது படத்துக்கு நாயை மல்லாத்த வேண்டும். பலவீனமான இதயமுள்ள கிழ நாயை, வாந்தி நிற்காத வயிறோடு மல்லாத்தினால் மூச்சு முட்டும். அதுவும் நியாயம்தான். இப்படி இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நிற்கும் நேரத்தைத்தான் நம் வேலை என்கிறேன். மல்லாத்துவதில் ஆபத்து சிறு நேரத்துக்கு. தவறான இடத்தைத் தேடிக் குடல் முழுவதையும் வெளியே எடுத்து உருவிப் பார்ப்பதில் ஆபத்து நெடுநேரத்துக்கு. சிறியதைத் தேர்ந்தேன்.

“அருள், ஆக்ஸிஜனை மூக்குக்கிட்டப் பிடி. பாக்கியம், நீங்க இந்த ஈய அங்கியைப் போட்டுக்கிட்டுத் தலைப்பக்கம் நில்லுங்க. உங்க குரல் கேட்டா அடங்கிக் கெடப்பான்.”

பாக்கியம் குனிந்தார். “ஏலே கங்காணி, அசையாதலே. அசைஞ்சா இன்னைக்கு உனக்குப் பேர் போட மாட்டேன்.” நாய் வாலை ஒருமுறை ஆட்டிவிட்டுக் கிடந்தது.

படம் வந்தது. வயிற்றின் நடுவே ஒரு சில்லுகூட இல்லை. வெள்ளை முழுவதும் உடம்பின் வலது விளிம்பில், தோலுக்கு மேலே மெல்லிய ஓடுபோல ஒட்டியிருந்தது.

நாயைத் திருப்பி வலது விலாவுக்குக் கீழே விரலால் முடியைப் பிரித்தேன். மேலே பார்க்க ஒன்றுமில்லை; ஈர முடி, அவ்வளவுதான். அடியில் தோலோடு சாம்பல் நிறத்தில் பிசின்போல ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்தேன். விளக்கெண்ணெய்.

“என்னம்மா பூசினீங்க?”

பாக்கியம் தங்கராசைப் பார்த்தார். தங்கராசு கூரையைப் பார்த்தார்.

“சொல்லுங்க, திட்ட மாட்டேன்.”

“சூடு பிடிச்சிருக்கும்னு வெளக்கெண்ணெய் தடவினேன். அப்பறம் பழனித் திருநீறு… அதுமேல.” மூன்று விரலைச் சேர்த்துக் காற்றில் இழுத்துக் காட்டினார். “மூணு நாளும் காலையிலயும் சாயந்தரமும். படுத்துக் கெடந்தான், மேல இருந்த பக்கமா பூசினேன். டாக்டர்ட்ட வர்றோமேன்னு துணிய வச்சுத் துடைச்சுத்தான் கூட்டியாந்தேன்.”

சாம்பலில் சுண்ணாம்புச் சத்து உண்டு. எண்ணெயில் குழைந்து கட்டிதட்டினால் எக்ஸ்ரேயில் எலும்பாகத்தான் தெரியும். அவர் துடைத்தது மேல்முடியை. மூன்று விரல் பட்டையும் அடியில் பத்திரமாக இருந்தது.

முதலில் சிரித்தது அருள். கையுறை போட்ட கையை மேலே தூக்கிக்கொண்டு, “மேடம், நான் முருகன் பட்டையை ஆபரேஷன் பண்ணப் பாத்தேன்” என்றான். தங்கராசு தொடையில் தட்டிச் சிரித்தார். “யக்கா, நீ பூசின பூச்சுக்கு நாய் உள்ளயே சாமியாராயிருச்சுன்னு நெனைச்சிட்டாக.” பாக்கியத்துக்கு இப்போதுதான் கண்ணீர் வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் துடைத்தார். “அப்ப வெட்ட வேணாமா? ஒண்ணுமில்லையா?” சாக்கை உதறி மடிக்கவே தொடங்கிவிட்டார். அருளும் வயிற்றுப்புண்ணுக்கு மருந்து எழுதக் காகிதத்தை எடுத்தான். தங்கராசு, பனி அடைப்பதற்குள் மலையிறங்கிவிடலாம் என்று ஜீப்பைத் திருப்பப் போனார்.

அந்த அறையில் அவ்வளவு நேரம் இருந்த இறுக்கம் அவிழ்ந்தது. உட்கார்ந்தேன். நானும் சிரித்தேன். உங்களுக்கு நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். பயத்தில் இருக்கும்போது நாம் கூர்மையாகத்தான் இருக்கிறோம். நிம்மதி வந்தவுடன்தான் கண் மூடிக்கொள்கிறது. மேசைமேல் கங்காணி எழுந்து உட்கார முயன்றான். கழுத்தை நீட்டி, வயிற்றை இழுத்து, மஞ்சள் நுரையாகக் கொஞ்சம் கக்கினான்.

வெள்ளைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வாந்திக்கு இன்னும் கிடைக்கவில்லை.

“தங்கராசு, வண்டியை அணைங்க” என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன்.

“ஏன் டாக்டரம்மா, இன்னும் என்ன?”

“குளிப்பாட்டணும்.”

அருளுக்கு உடனே புரிந்தது. காகிதத்தை வைத்துவிட்டு வெந்நீர் கொண்டுவந்தான். எண்ணெய் போக இரண்டு முறை சோப்பிட்டோம். ஈர முடியும் படத்தில் கோடு காட்டும் என்பதால் தலைமுடி உலர்த்தும் கருவியால் தோல்வரை காயவைத்தோம். வெந்நீரும் சூடான காற்றும் சுகமாக இருந்ததோ என்னவோ, நாய் கண்ணை மூடிக்கொண்டது. மடித்த சாக்கு பாக்கியத்தின் கையிலேயே இருந்தது.

மறுபடி ஒருக்களித்துப் படுக்கவைத்துப் படம். வெள்ளை அறவே இல்லை. வெள்ளை இருந்த இடத்துக்குப் பின்னால், இரைப்பையில், எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வட்டம். வெள்ளையல்ல, சுற்றியுள்ள சாம்பல் நிறத்தைவிட ஒரு நூல் அடர்ந்த சாம்பல். ஒரு பக்கம் மட்டும் காற்று சூழ்ந்து விளிம்பைக் காட்டியது. முதல் படத்தைத் திரும்ப எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதிலும் வட்டம் இருக்கத்தான் செய்தது. பளிச்சென்ற வெள்ளை முன்னால் நிற்கும்போது யார் கண்ணும் அதைத் தேடிப் போகாது.

உறுதிப்படுத்த ஸ்கேன் வேண்டும். ஸ்கேனுக்கு வயிற்று முடியை மழிக்க வேண்டும். அருள் மெஷினை எடுத்தபோது பாக்கியத்தின் முகம் மாறியது.

“என்ன செய்றீக?”

“முடி எடுக்கணும்மா. அப்பத்தான் ஸ்கேன்ல தெரியும்.”

தங்கராசு கதவருகே நின்றபடி, “யக்கா, நீ இவனுக்குப் பழனியில மொட்டை போடுறதா நேந்துக்கிட்டதான? ஒரு காசு செலவு இல்லாம இங்கயே நடக்குது பாரு” என்றார்.

“அது எனக்கு மொட்டைடா. நாய்க்கு எவன்டா மொட்டை நேருவான்? போயி வண்டிய கழுவு போ.”

கருவியை வைத்ததும் திரையில் இரைப்பைக்குள் ஒரு வில் தெரிந்தது. பிரகாசமான, வழவழப்பான வில். அதற்குக் கீழே சுத்தமான இருட்டு. கடினமான, உருண்டையான ஒன்று ஒலியைத் தடுத்தால் அப்படித்தான் தெரியும். இரைப்பை சுருங்கும்போதெல்லாம் அது குடலுக்குப் போகும் வாயை அடைத்துவிட்டுத் திரும்பியது. அதனால்தான் குடித்த தண்ணீர் கொஞ்ச நேரம் தங்கிவிட்டு வெளியே வந்தது.

“தோட்டத்துல உருண்டையா கொட்டை உள்ள பழம் எது விழுந்து கெடக்கு?” என்று கேட்டேன்.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: “பட்டர் ஃப்ரூட்டு.”

காப்பிச் செடிக்கு நிழலாக இடையிடையே நிற்கும் அவகாடோ மரம். பருவம் முடியும் சமயம். கடைசிப் பழங்கள் யாரும் பறிக்காமல் உதிர்ந்துகொண்டிருந்தன. நெய்போன்ற சதைக்காக நாய்கள் அதைத் தேடித் தின்னும். பெரும்பாலானவை கொட்டையைத் துப்பிவிடும். கங்காணி துப்பவில்லை. கிடா எலும்பு நிறைந்த காதுகுத்து நாளில் அவன் போய்த் தின்றது, எல்லா நாளும் மரத்தடியில் கிடைக்கும் பழத்தை.

வாந்தி எடுக்கவைக்க முடியாது. காலையில் காலுறைக்குச் செய்ததை இதற்குச் செய்தால் கொட்டை தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். குழாய் விட்டு எடுக்கும் கருவி மலையில் இல்லை. இந்தப் பனியில், இந்த நாயை மதுரை வரை இறக்குவதும் நடவாது. ஆக, வெட்டத்தான் வேண்டும். பாக்கியத்திடம் அதைச் சொல்வது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி உண்டு என்று சொல்வது முதல்முறை சொல்வதைவிடக் கடினம்.

“வெட்டாட்டி?” என்று கேட்டார்.

“பிழைக்க மாட்டான்.”

“வெட்டினா?”

“முன்ன சொன்ன ஆபத்து இருக்கு. ஆனா இப்ப என்ன பொருள், எங்க கெடக்குன்னு தெரியும். தேட வேண்டாம். சின்னதா கீறி எடுத்துட்டு மூடிரலாம். மயக்கத்துல இருக்குற நேரம் ரொம்பக் கொறையும்.”

மடித்த சாக்கை நாய்க்குப் பக்கத்தில் வைத்தார். “அப்ப வெட்டுங்க. நான் வாசல்ல குந்தியிருக்கேன்.”

அறுவையைச் செய்தது அருள். நான் மயக்கத்தையும் இதயத்தையும் பார்த்துக்கொண்டேன். விவரத்துக்குள் போகவில்லை, நீங்கள் அறிந்ததுதான். நடுவில் மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறிய கணத்தில் துடிப்பு மந்தமாயிற்று. அருள் கையை நிறுத்தினான். நான் மருந்தைக் குறைத்துக்கொண்டே, “நீ நிறுத்தாதே, எடு” என்றேன். எங்கே கீறுவது என்று தெரிந்திருந்ததால் அவனால் எடுக்க முடிந்தது. பழுப்பு நிறத்தில், பல் தடம்கூட இல்லாமல், முழுக் கொட்டை தட்டில் வந்து உருண்டது. துடிப்பு மெல்ல மெல்லப் பழைய சீறலுக்கே திரும்பியது. அந்தச் சீறலை அவ்வளவு ஆசையோடு நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கதவைத் திறந்து பாக்கியத்திடம் தட்டைக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். “இருக்கான்” என்றேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தங்கராசுதான் கொட்டையை விரலால் உருட்டிப் பார்த்தார்.

“நட்டா முளைக்கும் போலருக்கே டாக்டரம்மா.”

“கொண்டுபோயி உன் ஜீப்புல நடு” என்றார் பாக்கியம், முந்தானைக்குள்ளிருந்து.

அன்று மாலை கிளினிக்கைப் பூட்டுமுன் அருள் முதல் இரண்டு படங்களையும் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “முதல் படத்தை நம்பியிருந்தாலும் தப்பு, ரெண்டாவது படத்தை நம்பியிருந்தாலும் தப்பு இல்ல மேடம்?” என்றான். ஆமாம் என்றேன். இன்றும் உங்களுக்குச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. படத்தில் தெரிவதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்பதால் நாய்க்கு வந்ததற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஆகாது. எல்லாரும் சிரிக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் மேசைமேல் இருக்கும் நாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மறுநாள் புதன்கிழமை காலை நான் வந்தபோது பாக்கியம் கதவடியில் நின்றிருந்தார். உறவினர் வீட்டில் தங்கியிருந்தாராம். வலது கை மூடியிருந்தது. பூட்டைத் திறந்ததும் கூண்டுக்குள்ளிருந்து வால் தரையில் அடிக்கும் சத்தம் கேட்டது. பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் வைத்தேன். நக்கிக் குடித்தான். இருவரும் காத்திருந்தோம், நாயும் ஏதோ தெரிந்ததுபோல அசையாமல் இருந்தது. தண்ணீர் உள்ளேயே நின்றது.

பாக்கியம் கையை விரித்தார். காகித மடிப்பில் திருநீறு.

“இப்ப பூசலாமா டாக்டரம்மா? படம் ஏதும் எடுப்பீகளா?”

“எடுக்க மாட்டேன். பூசுங்க. நெத்தியில மட்டும்.”

மூன்று விரலால் இழுத்தார். கங்காணி தும்மினான். நான் மாற்றாத அந்த வரிசையில் அன்றைக்கு மட்டும் மேசையைத் துடைத்தது இரண்டாவது வேலை.